மோசமான பிஸ்டன்

‘ஜூலை 8. எஞ்சினில் நல்ல பிஸ்டன்களை மாட்டிவிட்டேன். என் தவறுதான்.’ நோட்டில் எழுதி மூடிய கையோடு, சித்தப்பாவின் பழைய உதிரிபாகக் கடைக்கு வந்துவிட்டாள் அவள். குவியலில் தேடி, உடம்பெல்லாம் கீறல் விழுந்த ஒரு பிஸ்டனை எடுத்தாள்.

“இது போதும் சித்தப்பா.”

“இதையா எஞ்சின்ல போடப் போறே? வண்டிக்காரன் நடுரோட்டுல நிப்பான். உன்னை நம்பி எத்தனை பேரை ரிப்பேருக்கு அனுப்பியிருக்கேன், என் மானத்தை வாங்காதே. மாலை வகுப்புக்குப் போய்ப் படிச்சுக் கிழிச்சது இதுதானா?”

அவள் அசரவில்லை.

“அங்கே இப்ப நான் படிக்கல சித்தப்பா, பாடம் எடுக்கறேன். இந்த எஞ்சின் எந்த வண்டியிலயும் ஏறாது. நாளைக்குப் பரீட்சை. கோளாறு எங்கேன்னு பிள்ளைங்க கண்டுபிடிக்கணும்.”

சித்தப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தப் பிஸ்டனைப் பிடுங்கி வைத்துவிட்டு, தானே குவியலைக் கிளற ஆரம்பித்தார்.

“அதைப் பார்த்ததுமே சொல்லிடுவாங்க. கொஞ்சம் மண்டையைப் பிச்சுக்கட்டும். இந்தா, ரிங் உட்காருற பள்ளத்துல மயிரிழை விரிசல்.”

நாளை காலை அதை மாட்டி, எஞ்சினை மூடிவைக்க வேண்டும். மாலையில் மாணவர்கள் பிரிப்பார்கள்.