உடுத்தாத கவுன்

பேர்போன டிசைனர் தைத்த பட்டு கவுனை பிளாரன்ஸ் ஒருநாளும் உடுத்தவில்லை. அலமாரியிலேயே மாட்டி வைத்திருந்தாள்.

பக்கத்தில் தொங்கிய சாதாரண கம்பெனி நைட்டியிடம் கவுன் பொருமியது: "என்னைத் தைச்சவர் பேரைச் சொன்னா ஊரே வாயைப் பிளக்கும். ஆனா தினமும் உன்னையேதானே போடுறா! அவ உடம்பு எப்படியிருக்கும்க்கா?"

"கதகதன்னு இருக்கும்டி. அவ இருமினா நானும் குலுங்குவேன்."

ஒரு காலையில் மகள் அழுதுகொண்டே வந்து கவுனை எடுத்தாள். "போய்ட்டு வரேன்க்கா!" என்று கவுன் துள்ளியது.

பிளாரன்ஸின் தோளில் ஏறியதும் கவுன் திடுக்கிட்டது. உடம்பு சில்லிட்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை. சுற்றி நின்றவர்கள் பாட்டுப் பாட, மேலே ஒரு பலகை மெல்ல மூடியது.

"எந்த விசேஷத்துக்கும்மா போறோம்?" என்று இருட்டுக்குள் கவுன் கேட்டது.

பலகைமேல் மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது.