பாதி மெஷின் வரி

வாஷிங் மெஷினை முழுக்க நிரப்பாமல் ஓட்டினால் தண்ணீர் வரி இரட்டிப்பு. கணவர் கதிரேசன் இறந்தபின் செண்பகவல்லி ஒருத்தியின் துணிக்கு மெஷின் நிறையவில்லை. அதனால் வாராவாரம் பீரோவில் மடித்திருந்த அவருடைய சலவைச் சட்டைகளையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

"அண்ணன் இப்பத்தான் ஒழுங்கா சட்டை மாத்துறாரு," என்றாள் எதிர்வீட்டுக்காரி. செண்பகவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்று இன்னும் ஒரு துணி வேண்டும் என்றது மெஷின்.

"கதவுக்குப் பின்னாடி அப்பா சட்டை தொங்குதேம்மா, அதைப் போடேன்," என்றாள் ஊரிலிருந்து வந்திருந்த மகள்.

"அது அழுக்கா இல்லடி."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவர் கழற்றி மாட்டியது. அவர் சட்டைகளில் உண்மையிலேயே அழுக்காக இருந்தது அது ஒன்றுதான். செண்பகவல்லி அதன் காலரை ஒருமுறை முகர்ந்துவிட்டு, ஜன்னல் திரையைக் கழற்றி மெஷினில் போட்டாள்.