பிள்ளைப்பாக்கத்து நோயாளி

ஞாயிறு பூசை முடிந்ததும், புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை, சூசைநாதனை அழைத்தார். பங்கில் நோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்த்து ஜெபிப்பவர் சூசைநாதன்தான்.

“பிள்ளைப்பாக்கத்துல லூர்துசாமின்னு ஒரு பெரியவர், படுத்த படுக்கையா இருக்கார். தனியாள். நீங்கதான் வரணும்னு கேட்டார். உங்க ஜெபத்து மேல அவ்வளவு நம்பிக்கை போல.”

“கம்பெனில ஓ.டி. ஃபாதர். அடுத்த வாரம் போறேன்.”

அடுத்த ஞாயிறும் ஃபாதர் நினைவூட்டினார்.

“மண்ணூர்ல ஒருத்தருக்கு ஆபரேஷன் ஆயிக்கீது ஃபாதர். அவரப் பாத்துட்டு அப்பால போறேன்.”

மண்ணூருக்குப் போனார். தண்டலத்துக்கும் போனார். பிள்ளைப்பாக்கம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் பெரியவர் இறந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் குழியை ஜெபம் சொல்லி மந்திரித்த ஃபாதர், வந்திருந்த சிலரைப் பார்த்தார். “பாவம், யாருமில்லாதவர். முதல் மண்ணை யார் போடுறீங்க?”

சூசைநாதன் முன்னால் வந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

“நான் போடறேன் ஃபாதர். என் கூடப் பொறந்த அண்ணன். நிலம் வித்ததுல சண்டை. உன் வூட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு அன்னிக்குச் சொன்னேன். கடைசிவரைக்கும் மிதிக்கவே இல்ல.”