படியை அழவைத்தவர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், சொல்கிறவன் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு கடைவாய்ப் பற்களும் இன்றைக்கே உதிரட்டும். நடந்தது நடந்தபடி இதுதான்.

அந்தப் பெரிய பழைய வீட்டின் மரப்படிக்கட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, நன்றாக இருந்த ஒரு படியைத் தச்சர் கெடுத்துக்கொண்டிருந்தார். கையில் உளி, முகத்தில் திருட்டுக் களை.

மேலே நின்ற வீட்டுக்காரம்மா படியை மிதித்துப் பார்த்தார். 'கீச்' என்றது.

"இது இல்லண்ணே. இது எலி. பழைய சத்தம் இன்னும் கொஞ்சம் இழுத்து அழும்."

"அழவெச்சுடுறேம்மா. நான் செஞ்ச பாவம், நானே தீத்துடுறேன்."

பாவம் போன வாரம் நடந்தது. கூரை ஒழுகியது, ஜன்னல் சட்டங்களைக் கறையான் தின்றிருந்தது. வீட்டுக்காரரோ தச்சரின் தோளில் கைபோட்டு, "அதெல்லாம் கெடக்கட்டும்யா. மொதல்ல இந்தப் படி போடுற கூச்சலை நிறுத்து" என்றார்.

தச்சர் ஆப்பு வைத்து இறுக்கினார். அதன் பிறகு யானை ஏறினாலும் படி மூச்சு விடாது. மறுநாள் வீட்டுக்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மீசையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பழைய வீடு, எங்கிருந்தாவது சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்று தச்சர் கண்டுகொள்ளவில்லை.

இன்று காலை வீட்டுக்காரம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்கண்ணே! மாமாவுக்கு ஒரு வாரமா பொட்டுத் தூக்கம் இல்ல. புள்ள வந்து மாடியேறுற சத்தம் கேட்டாத்தான் அவருக்குக் கண்ணு மூடும். இப்போ, வந்தானா வரலையான்னு விடிய விடிய முழிச்சுக் கெடக்கார்."

படிக்கட்டை ஒட்டிய அறையைத் தச்சர் எட்டிப் பார்த்தார். பெரியவர் சாய்வு நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

தச்சர் சுத்தியலால் ஆப்பைத் தட்டினார். வீடே அதிர்ந்தது. பெரியவரின் இமைகூட அசையவில்லை. எத்தனை ராத்திரித் தூக்கம் பாக்கி இருந்தால் மனுஷன் இப்படிக் கிடப்பார்! கைவேலைத் திமிரில் ஒரு கிழவரின் தூக்கத்தையல்லவா இழைத்துத் தள்ளிவிட்டோம்?

சத்தத்தை நிறுத்துவது சுலபம், வரவழைப்பதுதான் பெரும்பாடு. ஆணியைத் தளர்த்தினார், பலகையைச் சீவினார். எலிக்குப் பிறகு தவளை வந்தது, அப்புறம் ஆட்டுக்குட்டி. ஒன்றுக்கும் வீட்டுக்காரம்மா மசியவில்லை. அவ்வளவு நுட்பமான காது. மாமனாருக்காக இப்படி உருகும் மருமகளைத் தச்சர் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

கடைசியில் 'கிர்ர்ரீ...ச்' என்று வீடு முழுக்கக் கேட்கும்படி படி வாய்விட்டு அழுதது.

"இதேதாண்ணே! நீங்க நல்லா இருக்கணும்!" என்று வீட்டுக்காரம்மா சமையலறைக்குப் போனார்.

தச்சர் பெரியவரின் காலடியில் போய் உட்கார்ந்து காலைத் தொட்டார். "மன்னிச்சுக்குங்க பெரியவரே. இனிமே நிம்மதியாத் தூங்கலாம்."

பெரியவர் கண் விழித்தார், சிரித்தார், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மன்னித்துவிட்டார்! தச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அந்த நேரம் பார்த்து, வெளியே போயிருந்த வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பூனை போல மாடியேறினார்.

'கிர்ர்ரீ...ச்.'

"எங்க, மாடிக்கா?" சமையலறையிலிருந்து குரல் பாய்ந்தது. "அங்க இருக்கிற சர்க்கரை டப்பாவுல கை வெச்சீங்க, டாக்டருக்கு இப்பவே போன் போட்டுடுவேன்!"

தூக்கிய காலோடு நின்ற வீட்டுக்காரர் தச்சரைப் பார்த்தார். "அடப்பாவி! என்னய்யா பண்ணிவெச்சிருக்க?"

"பெரியவருக்காகத்தாங்க..." தச்சர் எழுந்து கையைப் பிசைந்தார். "நீங்க படியேறுற சத்தம் கேட்டாத்தான் அவருக்குத் தூக்கம் வருதாம்."

வீட்டுக்காரர் அந்தப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். அது இன்னொரு முறை அழுதது.

"எங்கப்பாவுக்குக் காது கேட்டே பல வருஷமாச்சேய்யா!"