வரி போக மீதி

"தூங்கிகினு கீறியாக்கா? எழுந்திரு. மாமாவோட காயினு ஏறிடுச்சு!"

செலின் கண்ணைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து அப்படியே படுத்தவள். கனவில் அவள் புருஷன் பிரகாசம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் முழுக்க வெயில் காசு காசாக மின்னியது. "கொஞ்சம் பொறு செலின், ஏறும்" என்றார். உயிரோடு இருந்தபோதும் இதைத்தான் சொல்வார். எது ஏறும் என்று மட்டும் சொன்னதில்லை. அதனால் தம்பியின் குரலும் கனவில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஹாரன் அடித்தது. கண்ணைத் திறந்தாள். ஆன்சன் நிஜமாகவே வாசலில் நின்றிருந்தான். கையில் ஒரு பெயிண்ட் டப்பா. அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கொய்யாச் செடி.

"இன்னாடா சொன்ன?"

"ஆஸ்பத்திரியில காணாம போன மாமா போனு, என் பழைய பையில கீதுக்கா! ஃப்ரெண்டு ஆசிக் எப்படியோ திறந்துட்டான். மாமா வாங்கின கிரிப்டோ அப்படியே கெடக்கு. மூணு லட்சம் போட்டது பதினோரு லட்சம் ஆயிடுச்சு. வித்துட்டேன்."

செலின் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

அந்த மூணு லட்சம் வீட்டுக் கடன் அடைக்க வைத்திருந்த பணம். பிரகாசம் மாரடைப்பில் போன பிறகுதான், அதை எதில் போட்டார் என்றே தெரிந்தது. துக்கத்துக்கு வந்தவர்களே "சூதாடிட்டுப் போயிட்டான்" என்று பேசினார்கள். மகள் ஹெலினா அன்றைக்கே அப்பாவின் படத்தைக் கழற்றித் தன் பெட்டியில் போட்டுவிட்டாள். காலேஜைப் பாதியில் விட்டாள். ஒன்றரை வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது.

"வேணான்டா. அது கவர்மெண்ட்டு தடை பண்ணதாச்சே. போலீசு வந்தா இன்னா பண்ணுவ?"

"யாரு சொன்னா? தடை பண்ணது லாட்டரி. இது வேற." ஆன்சன் டப்பாவை வாசலை ஒட்டி வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து, ஞானோபதேச வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "இது கடையில குடுத்தா செல்லாது, அவ்ளோதான். வெச்சிருக்கறது குத்தமில்ல. வித்து லாபம் வந்தா, லாபத்துல முப்பது பர்சென்ட் வரி. அந்த வரி மேல செஸ்ஸு நாலு பர்சென்ட்."

"பத்தாவது கணக்குல மூணு தபா பெயிலானவன் நீ. இதெல்லாம் யாருடா சொல்லிக் குடுத்தது?"

"ஆடிட்டரு ரேகா மேடம். நீ கேப்பன்னு மனப்பாடம் பண்ணிகினு வந்தேன்."

"எவ்ளோ புடிச்சாங்க?"

"ரெண்டு லட்சத்து நாப்பத்தொம்பதாயிரத்து அறுநூறு."

"அடப்பாவிங்களா!"

"அது போக எட்டரை லட்சம் மீதிக்கா. நாளைக்கு உன் அக்கவுண்ட்டுல போட்டுடறேன். ஊட்டுக் கடன அடைச்சிடு. ஹெலினாவ காலேஜுக்கு அனுப்பு."

எட்டரை லட்சம் அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் அசைந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா ஆன்சா, கவர்மெண்ட்டே வரி வாங்கிகிச்சா?"

"வாங்கிகிச்சுக்கா."

"அப்போ உங்க மாமா பண்ணது தப்பில்ல?"

ஆன்சன் வாசல் பக்கம் கை நீட்டினான். செடியின் ஒரு இலையைத் துடைத்தான். "சட்டத்துக்கு விரோதமா மாமா ஒண்ணும் பண்ணலக்கா. அது ஏர்றதுக்கு முன்னாடி போயிட்டாரு, அவ்ளோதான்."

செலினுக்கு உடம்பு லேசாகி, கட்டிலோடு மிதப்பது போல இருந்தது.

"அந்த வரி ரசீதக் குடுடா. ஃப்ரேம் போட்டு மாட்டறேன். சூதாடின்னு சொன்னவங்க எல்லாம் வந்து பாக்கட்டும்."

"ரசீதா?" ஆன்சன் எழுந்துவிட்டான். "அது ஆடிட்டர் கிட்ட கீது. ரசீதப் போய் எவனாவது ஃப்ரேம் போடுவானா? மாமா படத்த மாட்டுக்கா, போதும்."

"சாப்ட்டுப் போடா. இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாச்சே, செம்பரம்பாக்கத்துல உன் மனைக்குப் போவலியா?"

"போய்ட்டுதான் வரேன்."

பைக் சத்தம் தெருமுனையில் கரைந்தது. ஹெலினா வருவதற்குள் படத்தை மாட்டிவிட வேண்டும். செலின் ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக மகளின் பெட்டியைத் திறந்தாள். படம் பிரகாசத்தின் சட்டையில் சுற்றியிருந்தது. பிரித்தாள்.

படத்துக்கு அடியில் ஒரு போன் இருந்தது. மூலையில் கீறல் விழுந்த கண்ணாடி, பச்சை உறை, உள்ளே சொருகிய அந்தோணியார் படம். ஆஸ்பத்திரியில் காணாமல் போனதாக நினைத்த பிரகாசத்தின் போன்; ஹெலினாதான் எடுத்து வைத்திருக்கிறாள். உயிர் இல்லாமல், யாரும் தொடாமல், இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்திருக்கிறது.

செலின் திரும்பி வாசலைப் பார்த்தாள். பெயிண்ட் டப்பாவில் கொய்யாச் செடி. பத்து வருட ஓவர்டைமில் வாங்கிய மனையில், 'நாளைக்கு வீடு கட்டினா வாசல்ல நிக்கட்டும்' என்று ஆன்சன் நட்டு, ஞாயிறு தவறாமல் தண்ணீர் ஊற்றிய செடி. வேரில் செம்பரம்பாக்கத்து மண் இன்னும் ஈரமாக இருந்தது. மனை இன்னும் அவனுடையதாக இருந்தால் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்க மாட்டான்.

"இன்னாம்மா, அப்பா படத்த எதுக்கு வெளிய எடுத்த?" வாசற்படியில் ஹெலினா.

செலின் போனை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். படத்தை ஆணியில் மாட்டி, கோணலைச் சரிசெய்தாள்.

"உங்கப்பா சூதாடலடி. சொத்து வெச்சிட்டுதான் போயிருக்காரு. கவர்மெண்ட்டே முப்பது பர்சென்ட் வரி வாங்கிகிச்சாம், தெரியுமா?"