அணைத்த கைகள்

சுடலையாண்டிக்கு இரண்டு கைகளும் பேட்டரியில் ஓடும் மின்கைகள். மகள் பிறந்து நாற்பது நாளாகியும் அவளை அவன் தூக்கியதில்லை. மனைவி பேச்சியம்மாள் கொடுக்கவில்லை.

"சார்ஜு போச்சுன்னா பிள்ளையக் கீழ போட்டுருவிய."

"ஏட்டி, பிடிக்கதுக்கு இதுக்குக் கரெண்டு வேண்டாம். விடுததுக்குத்தான் வேணும். கரெண்டு போனா பிரேக்கு தானா பூட்டிக்கிடும்."

"கை மாட்டிவிட்டவன் அப்படித்தான் சொல்லுவான்."

அவன் தண்ணீர்க் குடம் ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்த சுவிட்சை அவளையே அணைக்கச் சொன்னான். அணைத்தாள். குடம் அசையவில்லை. நம்பாமல் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். தண்ணீர்தான் அவன் நெஞ்சிலும் வேட்டியிலும் கொட்டியது.

"குளிப்பாட்டியாச்சா? இப்பவாச்சும் தா."

அவள் சுவிட்சைப் போட்டுக் குடத்தை வாங்கி வைத்தாள். அவன் நெஞ்சைத் துடைத்துவிட்டு, குழந்தையைக் கொண்டுவந்து அவன் கைகளில் கிடத்தினாள். தன் கை ஒன்றை மட்டும் அடியில் ஏந்தியபடியே நின்றாள்.

மின்கைகள் படபடவென்று நடுங்கின.

"என்ன, ரிப்பேரா?"

"இல்லட்டி. நடுங்குதது நான். என் நரம்பு சொல்லுததைத்தான இது கேக்கும். சுவிட்ச அணைச்சிரு."

பேச்சியம்மாள் ஒரு நிமிடம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவிட்சை அணைத்தாள். கைகள் குழந்தையைச் சுற்றி அப்படியே நின்றன. அடியில் ஏந்தியிருந்த தன் கையை அவள் மெல்ல எடுத்துக்கொண்டாள்.