பாதத்தில் பூசிய சிவப்பு

“பிடிங்க அந்தம்மாவை! படத்தை நாசம் பண்றாங்க!”

காவலாளி போட்ட சத்தத்தில் கண்காட்சிக்கு வந்திருந்த கூட்டம் மொத்தமும் அந்த ஓவியத்தின் முன்னால் கூடிவிட்டது.

குண்டு விழுந்த தெருவில் செத்துக் கிடக்கும் ஒரு சிறுமி. போரைத் திட்டாமல் அந்தப் படத்தைக் கடந்து போனவர்கள் குறைவு. இப்போது சிறுமியின் இரண்டு பாதங்களிலும் சிவப்பு அப்பியிருந்தது. எதிரே நின்ற பெண்ணின் கையில் நெயில் பாலிஷ் பாட்டில்.

“தினமும் வந்து நிக்கிறாங்களேன்னு உட்கார நாற்காலி வேற போட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார் மேலாளர்.

“சிந்தின ரத்தம் போதலைன்னு நீ வேற பூசுறியா?” என்றார் ஒரு பெரியவர்.

“பிள்ளை பெத்தவளா இருந்தா இதுக்கு மனசு வருமா?” என்றாள் ஒருத்தி.

அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. எல்லோருக்கும் அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தகவல் தெரிந்து ஓடி வந்த ஓவியர், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“போலீஸைக் கூப்பிடுங்க! படத்தோட உயிரே அந்த வெறுங்கால்தான். அதுல போய்க் கை வெச்சிருக்கா!”

மேலாளர் சமாதானத்துக்கு வந்தார். “பேப்பர்ல வந்த போட்டோவைப் பார்த்துதானே சார் வரைஞ்சீங்க? அதை வெச்சுத் திரும்பச் சரி பண்ணிடலாமே?”

“போட்டோவுல எங்கய்யா வெறுங்கால்? செருப்பு போட்டிருந்தது. நல்லா பளிச்சுனு சிவப்புச் செருப்பு! நான்தான் கழட்டினேன். வெறுங்காலா இருந்தாத்தானே பார்க்கிறவனுக்கு வயிறு பத்தி எரியும்?”

கூட்டம் தலையாட்டியது. பெரிய கலைஞர் சொன்னால் மறுபேச்சு ஏது?

“கழட்டினது நீங்க. பேச்சு வாங்குறது நானா?”

முதல்முறையாக வாய் திறந்தாள் அந்தப் பெண்.

“என்னம்மா உளர்றே?” என்றார் ஓவியர்.

“இங்க வந்து நிக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? ‘காலுக்கு ஒரு செருப்புகூடப் போடாம இந்தக் குழந்தையை வெளியே விட்டிருக்காளே, அவளும் ஒரு தாயா’ன்னு கேக்குறாங்க. நான் பக்கத்துலயே நின்னு கேட்டுட்டிருக்கேன்.”

அவள் ஓவியரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லு, கால்ல குத்திடும்னு, என் பொண்ணை மடியில உட்காரவெச்சு நான் மாட்டிவிட்ட செருப்பு சார் அது. அதைக் கழட்ட நீங்க யாரு?”